அப்பாவின் மூன்று பேரப்பிள்ளைகள்

ஆமிஷ் மக்கள்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் அமெரிக்காவில் தங்கள் பாட்டில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டு, மின்கம்பியை வீட்டுக்குள் விடாமல், செபம் சொல்லிக்கொண்டு, பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டு இருக்கிறார்கள். ஒஸ்லோவில் ரயில் பாதை முடிகிற வெஸ்ட்லியில், ஏழாம் மாடியில் குடியிருக்கும் என்னை அவர்கள் ஒருநாளும் தொந்தரவு செய்ததில்லை. அவர்களை இழுத்துக்கொண்டு வந்து என் வீட்டுக்குள் விட்டவர் என் அப்பா.

ஓய்வு பெற்ற அடுத்த கோடையில் அப்பா ஒகாயோவில் இருக்கும் தன் தங்கையிடம் போனார். அந்த மாமியின் கணவர் அவரைக் காரில் ஏற்றி ஆமிஷ் ஊர்களைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். அமெரிக்கா போய் வருகிறவர்கள் சப்பாத்தும் சொக்கலேட்டும் கொண்டுவருவார்கள். அப்பா ஒரு போத்தல் ஆப்பிள் ஜாமும் ஒரு கொள்கையும் கொண்டுவந்தார். ஜாம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

கொள்கை இதுதான். நூறு வருடத்துக்கு முன்னால் ஆமிஷ் என்று சொல்லச் சில ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். இப்போது சில இலட்சம். ஏறத்தாழ இருபது வருடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகிறார்கள். வெளியிலிருந்து வந்து சேர்கிறவர்கள் இல்லையென்றே சொல்லலாம். எல்லாம் வீட்டில் பெற்று வளர்த்த கூட்டம். ஒரு வீட்டில் ஐந்து, ஆறு, ஏழு பிள்ளைகள். வெளியே ஆங்கிலம், உள்ளே தங்கள் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த பழைய ஜெர்மன் பேச்சு. காணி போதாமல் போனால் சில குடும்பங்களாகச் சேர்ந்து போய் இன்னொரு மாநிலத்தில் புது ஊர் தொடங்குகிறார்கள். நாங்களோ வந்து இரண்டு தலைமுறை ஆகவில்லை, அதற்குள் இரண்டு பெற்று நிறுத்திவிட்டு, மொழி அழிகிறது என்று கூட்டம் போடுகிறோம். இதை அப்பா போகும் இடமெல்லாம் சொன்னார். திருப்பலி முடிந்து வரும் வாசலில் சொன்னார், தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது சொன்னார், செத்த வீட்டில் சொன்னார். பல் வைத்தியரிடமும் சொன்னாராம், வாயைத் திறந்து வைத்திருந்த நேரம் போக மற்ற நேரத்தில்.

அப்பாவை விசரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலிருந்து இளம் வயதில் வந்து, நோர்வேயின் வடமுனையில் மீன் தொழிற்சாலையில் நின்று, கை விறைக்க விறைக்க மீன் வெட்டி எங்களை வளர்த்தவர். அண்ணாவும் நானும் அங்கேதான் பிறந்தோம். இன்றைக்கும் அப்பா பேசும் நோர்வேஜியன் வடக்கத்திய மீனவர்களின் பேச்சு. ஒஸ்லோ பேருந்துச் சாரதிகள் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு நான் கட்டிக்கொண்டவரும் அதே கடற்கரையிலிருந்து வந்த நோர்வேக்காரர்தான். கலியாணப் பேச்சு எடுத்தபோது அப்பா இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தார், கோயிலுக்கு வந்தார், மோதிரம் மாற்றும்போது அழுதார், மகள் பிறந்து ஞானஸ்நானம் கொடுத்தபோது அவரே ஏந்திக்கொண்டு நின்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணா ஒஸ்லோவின் மறுகோடியில், ஹொல்ம்லியாவில் இருக்கிறார். அண்ணியும் தமிழ்தான். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்: என் மகளைவிட மூத்தவர்கள் இருவர், அவளுக்கு இளையவன் ஒருவன். நல்ல பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து விளையாடப் போய்விடுவார்கள். தமிழில் ‘சோறு வேண்டாம்’ என்று மட்டும் தெளிவாகச் சொல்வார்கள். என் மகளுக்கு ஆறு வயது. சனிக்கிழமை தோறும் அவளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போவோம். என் கணவர் வகுப்புக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்து, கதவுக்குள்ளால் கேட்டுக் கேட்டே பத்துவரை எண்ணப் பழகிவிட்டார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வராது. இந்தப் பத்து பின்னால் வேலைக்கு வரப்போகிறது.

நான் அம்மருட்டில் ஒரு பார்னஹாகேயில், அதாவது பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்க்கும் இடத்தில், வேலை செய்கிறேன். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று அங்கே ஒரு பிரிவையே மூடிவிட்டார்கள். சின்னஞ்சிறிய கதிரைகளை அடுக்கிக் கட்டிக் களஞ்சிய அறையில் போட்டவள் நான்தான். தொலைக்காட்சியைப் போட்டால் அமைச்சர்கள் வந்து, பெண்கள் ஏன் பெறுவதில்லை என்று தலையைச் சொறிகிறார்கள். தொலைக்காட்சியை நிறுத்தினால் அப்பா தொலைபேசியில் வந்து ஆமிஷ் என்கிறார். நாட்டுக்காரரும் என் வயிற்றைப் பார்க்கிறார்கள், நாடு விட்டு வந்தவர்களும் என் வயிற்றைப் பார்க்கிறார்கள். என் முகத்தைப் பார்க்கத்தான் ஆளில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் கோயிலின் பங்கு மண்டபத்தில் பேச அப்பாவுக்கு அழைப்பு வந்தது. தமிழ்த் திருப்பலி முடிந்தபின் ஒரு மணி நேரம். தலைப்பு: ‘இன்னும் எத்தனை தலைமுறை?’ பேச்சுக்குக் காட்டும் படங்களைக் கணினியில் அடுக்குகிற வேலை வழக்கம்போல் என் தலையில் விழுந்தது. சும்மா அடுக்க எனக்கு வராது; வாசித்துவிட்டுத்தான் அடுக்குவேன். வாசித்தால் அப்பா சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. ஆமிஷ் கூட்டம் பெருகுவதற்குப் பெறுவது மட்டும் காரணம் இல்லை. பிறந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் விட்டுப் போவதில்லை. அதுவும் கட்டிவைத்து அல்ல. வளரும்வரை ஞானஸ்நானம் கிடையாது. பதினெட்டு இருபது வயதில், வெளியுலகத்தையும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, நான் இருக்கிறேன் என்று பிள்ளையே சொல்லவேண்டும். சொன்னபின் மீறி வெளியே மணம் முடித்தால் ஒதுக்கிவிடுவார்கள். இரண்டையும் படமாகப் போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, “இது எங்கடை சனத்துக்குக் குழப்பம், எடுத்துவிடு” என்றார். எடுத்துவிட்டேன். கதை பெரிய குடும்பங்களோடு நின்றது.

அப்போது எனக்கு மூன்று மாதம் கடந்திருந்தது. மகளுக்குப் பிறகு இடையில் ஒன்று தங்கவில்லை. அது அப்பாவுக்குத் தெரியாது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு இப்படியான கதைகளை வீட்டில் யாரிடம் சொல்வது? ஆகவே இந்த முறை வைத்தியசாலையில் வயிற்றைப் படம் எடுத்துப் பார்க்கும்வரை வாயே திறக்கவில்லை. எல்லாம் சரி என்று சொன்னார்கள். அந்தப் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். பேச்சு முடிந்ததும், அப்பா மேடையால் இறங்கிவந்து தேநீர் குடிக்கும்போது சொல்லவேண்டும் என்பது என் திட்டம். பேரப்பிள்ளை வேண்டும் என்று ஊரெல்லாம் கூட்டம் போட்டுக் கேட்கிற மனிதருக்கு இதைவிட நல்ல செய்தி எது? நான் சின்னப் பிள்ளையைப் போல் சந்தோசமாக இருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது கூடுதலாக எரிகிறது.

என் கணவர் முதல் ஆளாகப் போய்க் கதிரைகளை வரிசையாகப் போட்டார். இந்த நாட்டில் அதற்கு டுக்னாட் என்று பெயர். கூலி வாங்காமல் எல்லோரும் கூடிச் செய்யும் வேலை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கதிரை போட்டு முடிந்தபின் வந்து அதில் உட்கார்ந்தார்கள். மகள் பக்கத்து அறையில் மற்றப் பிள்ளைகளோடு படம் கீறிக்கொண்டிருந்தாள். ஆமிஷ் ஊரே திரண்டு ஒரே நாளில் களஞ்சியம் கட்டுகிற படத்தைக் காட்டி, இந்த ஒற்றுமை எங்களிடம் எங்கே என்று அப்பா கேட்டார். கதிரை போட்ட மனிதர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஏறத்தாழ ஒன்றும் விளங்காமல், மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்திருந்த ஓர் இளம் பெண் எழுந்து, “சார், இங்க எங்களுக்கு அம்மா அப்பா யாரும் கிடையாது. ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். ஒண்ணையே சமாளிக்க முடியல” என்றாள். ‘சார்’ என்றதும் பின்னால் சிலர் சிரித்தார்கள். இந்தியத் தமிழைக் கேலி செய்ய எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு சொல் காணும். ஆமிஷ் பெண்கள் ஏழு பிள்ளைகளின் உடுப்பைக் கொடியில் காயப்போட்டு எடுக்கிறார்கள், நீங்கள் இயந்திரத்தில் போட்டுவிட்டுக் களைக்கிறீர்கள் என்று அப்பா பதில் சொன்னார். ஆண்கள் கைதட்டினார்கள். தட்டியவர்களில் எத்தனை பேர் தங்கள் காலுறையையாவது சோடி பார்த்து மடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து பேசியிருக்க வேண்டும். எழும்பவில்லை, அவர் என் அப்பா.

அதற்குப் பிறகு அப்பா குரலைத் தாழ்த்தினார். எங்கள் கூட்டங்களில் யார் பேசினாலும் ஓர் இடத்தில் தன் குடும்பத்தை முன்வைக்க வேண்டும்; எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அவர்கள் எங்கே என்று சொன்னால்தான் ஆளைச் சபை ஏற்கும். அப்பா நெஞ்சில் கையை வைத்துச் சொன்னார்: “என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூன்று பேரப்பிள்ளைகள். காணாது. இதை நான் வெட்கத்தோடு சொல்கிறேன்.”

முதலில் நான் கேட்டது பிழை என்று நினைத்தேன். பிறகு, அவர் வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு பிள்ளைகள் என்றார், ஆகவே என்னை எண்ணியிருக்கிறார். என்னோடு கணக்கு நின்றுபோயிற்று. அண்ணாவுக்கு மூன்று, எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்து அறைக் கதவு திறந்து கிடந்தது. என் மகள் யாருக்கோ, “அந்தப் பச்சையைத் தா, பிறகு திருப்பித் தாறன்” என்று சொல்வது எனக்குக் கேட்டது. மண்டபத்துக்கு அன்று வந்திருந்த அவருடைய ஒரே பேரப்பிள்ளை அவள். மற்ற மூவரும் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பலமாகச் செருமியிருப்பார், அப்பா திருத்தியிருப்பார். யாரும் செருமவில்லை. எங்களைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் அந்த எண்ணிக்கை பிழையாகப் படவில்லை.

தேநீரும் ரோல்ஸும் கொடுக்கும்போது அப்பா வியர்த்து விறுவிறுத்து, சந்தோசத்தோடு என்னிடம் வந்தார். பேச்சு எப்படி என்று கேட்டார். படங்கள் தெளிவாக இருந்தன என்றேன். அவர் என் தோளைத் தட்டி, நாலு பேர் கேட்கத்தக்கதாக, “நீயும் ஒண்டோடை நிப்பாட்டிப் போடாதை, பிள்ளை” என்றார். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருக்கிறவளை எண்ணாத மனிதர் என்னிடம் இன்னொன்று கேட்கிறார். அந்த ரோல்ஸை வாயில் வைத்தது நினைவிருக்கிறது, விழுங்கினேனா தெரியாது. செய்தியைச் சொல்லாமலே வீட்டுக்குப் போனோம்.

ரயிலில் மகள் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். என் கணவர் தன் மேற்சட்டையை அவள்மேல் போர்த்திவிட்டு, அப்பா ஏன் மூன்று என்று சொன்னார் என்று கேட்டார். ஒன்று முதல் பத்து வரை அவருக்குத் தெரியும் என்பதை நான் மறந்தே போனேன். பேரப்பிள்ளை என்ற சொல்லையும் எங்கோ பிடித்துவைத்திருக்கிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பியதைப் பார்த்து, ஒருவேளை தமிழில் மகளின் பிள்ளைகளுக்கு வேறு சொல் இருக்குமோ என்று அவரே ஒரு நியாயம் தேடிக் கொடுத்தார். அந்த நல்ல மனம்தான் என்னை உடைத்தது. அவருடைய தகப்பன் வடக்கில் இருக்கிறார். மற்ற மகனின் துணைவி முந்திய கலியாணத்தில் பெற்றுக் கூட்டிவந்த பிள்ளையையும் சேர்த்து, எனக்கு ஏழு பேரப்பிள்ளைகள் என்று கடைக்காரனுக்கும் சொல்லுவார். கொஞ்சம் விட்டால் நாயையும் சேர்ப்பார். அந்த மனிதருக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது.

பிறகு வந்த நாட்களில் பாத்திரம் கழுவும்போதும், பார்னஹாகேயில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டும்போதும் அப்பாவோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். ஆமிஷ் ஊருக்குப் போய் அவர் படித்துக்கொண்டு வந்தது என்ன? வீட்டில் மொழி பேசுவதா? அது என் வீட்டில் நடக்கிறது. பிள்ளைகள் விட்டுப் போகாமல் இருப்பதா? நான் எங்கே போனேன்? அவர் கூட்டத்துக்குப் படம் அடுக்கியவள் யார்? வெளியே மணம் முடித்தவரைக் கணக்கிலிருந்து எடுப்பதை மட்டும் யாருக்கும் சொல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவர்களாவது முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஒதுக்குகிறார்கள். அப்பா ஒதுக்கவும் இல்லை. வருவார், மகளுக்கு முத்தம் கொடுப்பார், மிட்டாய் கொடுப்பார், குனிந்து நின்று சப்பாத்துக் கயிறு கட்டிவிடுவார். எண்ணமாட்டார், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து பேர்கன் நகரிலிருந்தும் அழைப்பு வந்தது. பேச்சு அவ்வளவு பிரபலமாகிவிட்டது. படங்களை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் தமிழ் வகுப்பால் வந்து கொஞ்ச நேரம்தான். என் கணவர் கடைக்குப் போயிருந்தார். மகள் குசினி மேசையின் ஒரு பக்கத்தில் தன் வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டிருந்தாள். மறுபக்கத்தில் நான் கணினியோடு உட்கார்ந்தேன். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்பா மூக்குக்கண்ணாடியோடு நின்று, முழுப் பேச்சையும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். களஞ்சியம் கட்டினார், உடுப்பைக் காயப்போட்டார், நெஞ்சில் கையை வைத்தார். “எனக்கு இரண்டு பிள்ளைகள். மூன்று பேரப்பிள்ளைகள்.”

அடுத்த படத்தை நான் மாற்றவில்லை.

“என்ன பிள்ளை, படம் மாறேல்லை.”

“எண்ணிக்கை பிழை அப்பா. மூண்டில்லை, ஐஞ்சு.”

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் விரலை மடக்கத் தொடங்கினார். கொண்ணன்ரை, அதாவது என் அண்ணாவின், மூண்டு என்றார். நான்காவது விரலில் கை நின்றது. மேசையில் குனிந்து எழுதுகிறவளைப் பார்த்தார். அவர் வாய் தவறித்தான் சொன்னார் என்று எனக்குள் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் அவரே துடைத்துவிட்டார்.

“நான் தமிழ்ப் பிள்ளையளைப் பற்றித்தானே அங்கை கதைச்சனான்” என்றார். குரலில் சண்டை இல்லை. தெரிந்த கணக்கை விளங்கப்படுத்துகிறவரின் குரல். “தேப்பன் வழியிலைதானே நாங்கள் பாக்கிறது. நீ இதைப் பெரிசா எடுக்காதை.”

நான் பெரிதாக எடுத்தேன். இவள் உங்களோடு எந்தப் பாஷையில் கதைக்கிறாள், அண்ணான்ரை மூண்டும் எந்தப் பாஷையில் கதைக்கின்றன என்று கேட்டேன். அன்றைக்கு மண்டபத்துக்கு வந்த பேரப்பிள்ளை எது என்று கேட்டேன். கதிரை போட்டது யார் என்றும் கேட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சரி, நாலு என்று வை என்று, சந்தைக்காரர் கடைசி விலைக்கு இறங்குவதுபோல் இறங்கினார். பிறகு அவருக்கு நினைவு வந்தது.

“ஐஞ்செண்டு சொன்னாய்?”

நான் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினேன். சொல்லவேண்டிய அளவைத் தாண்டி வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. அப்பா பார்த்தார். அவருடைய முகம் அப்படியே மாறியது. சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டார். கண் நிறைந்துவிட்டது. உண்மையோ பிள்ளை, உண்மையோ பிள்ளை என்று இரண்டு தரம் கேட்டார். அவர் அழுகிறார், எனக்கு ஆத்திரம் வருகிறது. முகத்தை இன்னும் யாரும் காணாத ஒன்றுக்கு இவ்வளவு கண்ணீர். அவர் கொடுத்த மிட்டாயின் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, அவர் பேசும் மொழியையே எழுதிக்கொண்டிருக்கிறவளுக்கு ஒரு விரல் இல்லை.

“இதுக்கும் தேப்பன் அதே ஆள்தான் அப்பா,” என்றேன். “எண்ணுவியளோ, விடுவியளோ?”

  அவர் கண்ணைத் துடைக்கவில்லை. கையை மெல்ல உயர்த்தி, “கொண்ணன்ரை மூண்டு, இவ நாலு...” என்று தொடங்கினார்.

மகள் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நான் நாலாவது இல்லை, அம்மப்பா,” என்றாள். “நான் மூண்டாவது. மாமான்ரை கடைசி என்னைவிடச் சின்னன், அவன்தான் நாலாவது.”

அப்பா மடக்கிய விரல்களையெல்லாம் விரித்தார். கையை ஒருதரம் பார்த்தார். பிறகு முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.